நாலாம் வளைவில் இறுகும் பெடல்

"வாத்தியாரம்மா, என் பிரேக்கை சாமி புடிச்சுக்குது."

வேலாத்தா ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

மலை மேல் இருக்கிற ஊருக்கு அவள்தான் ஒரே மெக்கானிக். முப்பது வயசு. ஐம்பது தாண்டிய டிரைவர்களும் அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கேலிக்குக் கூப்பிட்டார்கள். அப்புறம் அதுவே பேராக நிலைத்துவிட்டது.

"எந்த சாமிங்ண்ணா?"

"நாலாம் வளைவுக் கருப்பு."

சொன்னவர் சென்னியப்பன். பிக்கப் வண்டியில் பீன்ஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு தினமும் மலை இறங்குகிறவர்.

"எப்படிப் புடிக்குது?"

"கோயில்கிட்டப் போறப்போ பெடல் கல்லு மாதிரி ஆயிருது அம்மிணி. ரெண்டு காலையும் வெச்சு ஏறி நின்னாத்தான் வண்டி நிக்குது. தாண்டிப் போனா தானா சரியாயிருது. கீழ ரெண்டு ஷெட்டுல காட்டிட்டேன். பிரேக் நல்லாத்தான் இருக்குதுங்கறாங்க."

"எத்தனை நாளா?"

"துளசிமணி போனதுலருந்து."

துளசிமணி அவர் மகள். ரெண்டு வருசத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனவள். ரொம்ப தூரமும் போகவில்லை. இதே மலையின் அடிவாரத்தில், ரோட்டைப் பார்த்த வீடு.

"பூசாரி சொல்லிட்டாரு. சாமிக்கு அவ மேலதான் கோவமாம். நாளைக்கு வெள்ளிக்கிழமை. கோயில் வாசல்ல அவளுக்குத் தலைமுழுகிட்டா பெடல் எளகிருமாம்."

தலைமுழுகுவது என்றால் செத்துப்போனவளாக நினைத்து விட்டுவிடுவது. அதற்குப் பிறகு எதிரில் வந்து நின்றாலும் மகள் இல்லை.

இப்போது ஸ்பானர் கீழே போனது.

"முடிவு பண்ணிட்டீங்க. அப்பறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

அவர் வண்டிச் சாவியை நீட்டினார்.

"ஒருக்கா பாத்துரு அம்மிணி. முழுகிட்டா முழுகினதுதான்."

வேலாத்தா வண்டியில் ஏறினாள். ஷெட்டைச் சுற்றி ரெண்டு தரம் ஓட்டினாள். பெடல் இதமாக இறங்கியது. வண்டி சொன்ன இடத்தில் நின்றது.

இறங்கி மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

"ஓட்டுங்க. தெனமும் எப்படி எறக்குவீங்களோ அப்படியே. நான் இருக்கறதை மறந்துருங்க."

முதல் வளைவில் ஒன்றும் இல்லை.

ரெண்டாம் வளைவில் சென்னியப்பனின் கை கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது. சாவியைத் திருப்பியது. இன்ஜின் அணைந்தது. வண்டி சத்தமில்லாமல் உருண்டது.

அந்த மலையில் எல்லா டிரைவரும் அணைப்பார்கள். சாமி தூங்குகிற இடம், இன்ஜின் சத்தம் ஆகாது. ஆனால் கோயிலுக்கு நேரே பத்தடிதான். தாண்டியதும் போட்டுக்கொள்வார்கள். கோயில் இருப்பது நாலாம் வளைவில்.

"இங்கயேவா அணைக்கறீங்க?"

"முன்னெல்லாம் கோயில்கிட்டத்தான். அவ போன மறுநாள் மனசே சரியில்லை. கொஞ்சம் முன்னாடியே அணைச்சுட்டு, சாமிகிட்டப் பொலம்பிட்டே மெதுவா உருட்டிட்டு வந்தேன். அன்னிக்குத்தான் மொதல்ல புடிச்சுது. மரியாதை பத்தலையோன்னு அப்பறம் மூணாம் வளைவுலயே அணைச்சேன். அப்பவும் விடலை. இப்ப ரெண்டுலருந்தே அணைச்சுடறேன்."

வேலாத்தா அவர் காலைப் பார்த்தாள்.

மூணாம் வளைவில் ஒரு மிதி. பெடல் இறங்கியது.

அடுத்த மிதிக்குப் பாதிதான் இறங்கியது.

கோயில் வேல் தெரிந்தது. எதிரே பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் மிதித்தார்.

பெடல் அசையவில்லை.

"பாரு, புடிச்சுட்டாரு. பாரு அம்மிணி."

ரெண்டு கால். இடுப்பு சீட்டை விட்டு எழும்பியது. வண்டி பஸ்ஸைப் பார்த்து உருண்டுகொண்டே இருந்தது.

வேலாத்தா எட்டிச் சாவியைத் திருப்பினாள்.

சாமி வாசலில் இன்ஜின் உறுமியது. அவர் காலுக்கடியில் பெடல் சரசரவென்று இறங்கியது. வண்டி குலுங்கி நின்றது.

பஸ் ஒதுங்கி ஏறியது. கண்டக்டர் தலையை நீட்டினார்.

"ஏனுங்க, பஸ்ஸுக்குப் பொட்டு வெச்சுட்டுப் போலாம்னு வந்தீங்களா?"

பஸ் போய்விட்டது. சென்னியப்பனுக்கு மூச்சு வாங்கியது.

"கோயில் வாசல்ல இன்ஜின் போட்டுட்டியே அம்மிணி."

"ஆமாங்ண்ணா. பெடல் எங்க இருக்குது?"

அவர் குனிந்து பார்த்தார்.

வேலாத்தா ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்தாள். இன்ஜினை அணைத்தாள்.

"மிதிங்க."

மிதித்தார்.

"இன்னொருக்கா. இன்னொருக்கா."

கல்.

"அமுக்கின காலை எடுக்காதீங்க. சாவியத் திருப்புங்க."

திருப்பினார். கால் தானாகக் கீழே போனது. யாரோ மேலே கை வைத்துச் சேர்ந்து அமுக்கிய மாதிரி.

அவராகவே அணைத்தார். மிதித்தார். போட்டார். மறுபடி அணைத்தார். அவள் சொல்லவில்லை. ஐந்தாறு தரம் செய்தார்.

"இன்ஜின் ஓடற வரைக்கும் அதுவும் உங்க காலோட சேந்து அமுக்கும். அணைச்சுட்டா மிச்சம் இருக்கற பலம் ரெண்டு மூணு மிதிக்கு வரும். அப்பறம் உங்க கால் மட்டுந்தான்."

"அப்ப சாமி?"

வேலாத்தா கோயிலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அவரு தூங்கிட்டுத்தான் இருக்கறாரு."

சென்னியப்பனின் கை சாவியிலேயே இருந்தது. அந்தக் கையைப் பார்த்தார்.

"அவ வீட்டுக் கொடியில சின்னச் சின்னத் துணி காஞ்சுது. அதைப் பாத்துத்தான் கொழந்தை பொறந்தது தெரியும். வேற பக்கம் பாத்துட்டே போயிருவேன். ஒருநாள் கொழந்தையத் தூக்கிட்டு ரோட்டுக்கே வந்து கையைக் காட்டுனா."

"ம்."

"பிரேக்குல கால் வெக்கலை அம்மிணி. அங்கயும் சாமி புடிச்சுக்குமோன்னு பயம்."

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார்.

"என்னால இதுக்கு மேல ஓட்ட முடியாது. வண்டியத் திருப்பி மேலயே போயிரலாம்."

வேலாத்தா கதவைத் திறந்து இறங்கினாள். சேலையை உதறிக்கொண்டு, வந்த வழியே மேலே நடக்க ஆரம்பித்தாள்.

"இங்க திருப்ப எடமில்லீங்ண்ணா. அடிவாரம் போனா உங்க மக வீட்டு வாசல்லதான் எடம்."