விழ வழியில்லாத இடம்

மந்தைக்குளத்தில் பந்தல் போடுகிற மூன்று பேருக்கும் ஏணியில் ஏறத் தெரியும், கயிறு கட்டத் தெரியும், குழி தோண்டத் தெரியும். எதை முதலில் செய்வது என்று மட்டும் யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மேஸ்திரி சோனமுத்து. அவருக்குக் கையாட்கள் எத்திலப்பனும் தவசியும். மூவரில் போன் வைத்திருந்தவன் தவசி. வைத்திருந்தான் என்பதைவிட, கீழே போட்டுக்கொண்டிருந்தான் என்று சொல்வதுதான் நியாயம்.

ஏணி உச்சியில் குனிந்தால் சட்டைப் பையிலிருந்து விழும். டீக்கடை பெஞ்சில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஒருநாள் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்; போன் விழுந்ததும் இறங்கி வந்து ரோட்டைத் திட்டினான். கண்ணாடி மாற்றி மாற்றி அலுத்துப்போன செல்போன் கடைக்காரர் கடைசியில் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உயரத்துல வைக்காதய்யா. எங்க வச்சா கீழ விழ வழியே இல்லையோ, அங்க வை."

இதைச் சொன்னதோடு அவர் கடமை முடிந்தது. நம் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தேத்தாம்பட்டி அய்யாவு தன் மகளைத் தவசிக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். போட்டோவில் பார்த்தே பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. அய்யாவுதான் தரகரிடம் ஒரு கண்டிஷன் சொல்லியனுப்பியிருந்தார். நாளை மத்தியானத்துக்குள் போன் பண்ணுவாராம். எடுத்தால் தேதி குறிக்கலாம். போனையே எடுக்காதவன் பொண்டாட்டியை எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று கேட்டாராம். தவசி அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் நம்பர் கிடைத்த நிமிஷமே 'மாமா' என்று பதிந்து வைத்துவிட்டான்.

மறுநாள் காலை ஒரு காதுகுத்து வீட்டில் வேலை. குழி தோண்டியாயிற்று. போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவசி அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். வேலை நின்றது. மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"தரையில வை. தரையிலருந்து எங்கடா விழும்?" என்றார் மேஸ்திரி.

"தரையும் உயரந்தானேண்ணே. பக்கத்துல குழி இருக்குல்ல."

மேஸ்திரிக்கு இது தோன்றவில்லை. சரிபார்க்கச் சொல்லி எத்திலப்பனை அனுப்பினார். அவன் குப்புறப் படுத்துக் குழிக்குள் தலையை விட்டு, கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தான். "ஆமாண்ணே, இங்கருந்து பாத்தா தரை நல்ல உயரம்" என்று உள்ளேயிருந்து சொன்னான்.

ஆகக் குழிதான் சரியான இடம். எந்தக் குழி என்பதில் மறுபடி வாக்குவாதம் வந்தது. ஓரத்தில் வைக்கிற பொருள்தான் எப்போதும் விழுகிறது, அதனால் நடுக்குழியில் வை என்று மேஸ்திரி தீர்ப்புச் சொன்னார். தவசி போனைப் பழைய சாக்கில் பொதிந்து, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல உள்ளே இறக்கினான். இனி விழுவதற்கு இடமே இல்லை என்ற நிம்மதியில் ஏணி ஏறப் போனான்.

எத்திலப்பனுக்குக் காலிக்குழியைக் கண்டால் கை சும்மா இருக்காது. நடுக்குழியில் பந்தல்காலை நட்டு, கல்லும் மண்ணும் போட்டுக் கெட்டித்து, காலால் மிதித்து வேறு பார்த்தான். ஆட்டம் இல்லை. அவனுக்கே அவனைப் பிடித்திருந்தது.

உச்சிப்பொழுதுக்குச் சாமியானாவுக்கு அடியில் சனம் நிறைந்துவிட்டது. முன்வரிசை நாற்காலியில் ஒரு பெரியவர் யாருக்கோ போன் போட்டுக் காதில் வைத்திருந்தார். எதிராளி எடுக்காததில் முகம் கடுகடுவென்று இருந்தது. அதே நேரம் நடுக்காலுக்கு அடியில் மண் பாட ஆரம்பித்தது.

தவசி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு படுத்தான். மண்ணில் வாயை வைத்து, "மாமா, ஒரு நிமிஷம் மாமா" என்றான்.

"அவருக்குக் கேக்காதுடா. நீ இன்னும் எடுக்கலையே" என்றார் மேஸ்திரி.

"எடுக்கலன்னுதாண்ணே சொல்லிக்கிட்டிருக்கேன்."

பாட்டு நின்றது. தவசிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. பெண் கைவிட்டுப் போகிறாள் என்பது அவனுக்குக்கூடப் புரிந்தது. காலைப் பிடுங்கிவிடலாமா என்று கெஞ்சினான். பிடுங்கினால் பந்தல் நிற்குமா என்று எத்திலப்பனுக்குச் சந்தேகம். மேஸ்திரி ஒரு காலைத் தூக்கி மடக்கிக்கொண்டு நின்று காட்டினார்.

"நான் நிக்கிறேனா? எனக்கு ரெண்டுதான் இருக்கு. பந்தலுக்கு எத்தனை இருக்கு?"

விருந்தாளிகள் யாரும் எழுந்திருக்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மூவரும் சேர்ந்து காலைப் பிடுங்கினார்கள். பந்தல் ஒரு பெருமூச்சு விட்டு மொத்தமாகப் படுத்தது. நல்லவேளை, வெறும் துணிப்பந்தல். அடியிலிருந்து கூச்சலும் வசவும் கிளம்பின. மூவரும் துணியைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து, கிழிசல் வழியே குழியைத் துழாவினார்கள்.

போனில் ஒரு கீறல் இல்லை.

"பாத்தியா, ஊரே விழுந்துச்சு. போன் விழுந்துச்சா?" என்றார் மேஸ்திரி.

உடனே அது அடித்தது. மாமா. தவசி மண் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

"எடுத்துட்டேன் மாமா."

"நீ எடுத்தா என்ன, எடுக்காட்டி என்னடா? நான் பந்தலுக்கு அடியில மாட்டிக் கெடக்கேன். மூச்சு முட்டுது. வந்து தூக்கி விடு."

தவசிக்கு முகம் வெளிறிவிட்டது. போனைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை.

"தேத்தாம்பட்டியிலயும் பந்தல் விழுந்துருச்சா? எந்த முட்டாப்பயலுக போட்டானுகளோ. எட்றா ஏணியை, வண்டியைக் கெளப்பு."

சரிந்த துணியின் மேலேயே ஏணியைத் தூக்கிக்கொண்டு மூவரும் வண்டிக்கு ஓடினார்கள். தைரியமாக இருக்கும்படி தவசி மாமாவுக்குப் போனில் சொல்லிக்கொண்டே ஓடினான். மாமா போட்ட சத்தம் காதிலும் கேட்டது, காலடியிலும் கேட்டது. லைன் இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் கிடைத்ததில்லை என்று அவனுக்குச் சந்தோஷம். நடுவழியில் துணிக்கு அடியில் யாரோ புரண்டு காலைத் தடுக்கினார்கள்.

தவசி குனிந்து பணிவாகச் சொன்னான்: "கொஞ்சம் ஒதுங்கிப் படுங்கய்யா. என் மாமனார் உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்காரு."