காலுக்கு ஒரு கட்டுப் புல்

காட்டுத்தீயில் முயல்களின் புல்வெளி முழுவதும் கருகிப்போயிற்று. சேதி கேட்ட யானை கொம்பையா, தாழங்குளத்துப் பிராணிகளைக் கூட்டியது.

"இங்கேயிருந்து மலைச்சுனை வரைக்கும் நடந்து வாங்க. நடந்து வர்றவங்க பேர்ல முயலுங்களுக்கு நான் புல் கொண்டுபோய்ப் போடறேன். ஆளுக்கு ஒரு கட்டு!"

"காலுக்கு ஒரு கட்டுன்னு வையுங்க!" என்றது கொக்கு வெள்ளையப்பன். அந்தக் குளத்திலேயே நெடிய கால்கள் அதற்குத்தான். எல்லாரும் தன்னைப் பார்க்க வேண்டும் என்று அதற்கு ஆசை.

"சரி. எல்லாரும் சுனைக்கரையில வந்து நின்னதும் பிளிறுவேன். அப்போ தரையில ஊன்றியிருக்கிற கால்தான் கணக்கு. பறக்கக் கூடாது. நடை முடியிற வரைக்கும் யாரும் யாரையும் தின்னவும் கூடாது!"

தவளை நிம்மதியாக மூச்சுவிட்டது.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டது கொக்கின் மனைவி.

"நீ ஆடி அசைஞ்சு வருவே. எனக்குத்தான் கெட்ட பேர்!"

புறப்படுகிற நேரத்தில் மரவட்டை செவத்தான் வந்து சேர்ந்தது. பின்னால் மனைவி, நாலு பிள்ளைகள்.

"அம்மாடி, எத்தனை கால்!" என்றது நண்டு. "இந்த ஒரு குடும்பம் நடந்தாலே முயலுங்களுக்கு மாசம் பூராவும் காணுமே!"

வெள்ளையப்பனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. யோசனை சொன்னது யார்? பேர் யாருக்கு?

ஏழு நாள் நடை. முன்னால் போய்விட்டால் பார்க்க ஆள் இருக்காது என்று கொக்கு கூட்டத்தோடேயே நடந்தது. வழியெல்லாம் அணில்கள் வந்து நின்றன. "செவத்தான் எங்கே? செவத்தான் எங்கே?" என்றுதான் கேட்டன. கொக்கு காலை உயர உயரத் தூக்கி வைத்தது.

"கொஞ்சம் தள்ளுங்கண்ணே, மறைக்குது!" என்றது ஓர் அணில்.

ஏழாம் நாள் காலையில் சுனை கண்ணுக்குத் தெரிந்தது. கொக்கு மெல்லப் பின்தங்கியது. யாரும் பார்க்காத நேரம், செவத்தானின் முதுகில் அலகால் ஒரு தட்டுத் தட்டியது. செவத்தான் சட்டென்று சுருண்டுகொண்டது. அதைப் பார்த்த மிரட்சியில் மனைவியும் பிள்ளைகளும் வரிசையாகச் சுருண்டுகொண்டார்கள்.

"ஐயோ பாவம், களைச்சுப் போச்சு. நாம போகலாம்!" என்றது கொக்கு.

"விட்டுட்டா? நல்லாருக்கே!" என்றது நத்தை மெல்லாயி. "உட்காருங்கப்பா. எனக்கும் கால் வலிக்குது. இருக்கிறதே ஒரே கால், அதையும் பார்த்துக்கணும்ல!"

எல்லாரும் சிரித்தபடி மரவட்டைகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கொக்கு அதையும் பார்த்தது. நான் விழுந்து கிடந்தால் இப்படி யார் உட்காருவார்கள்? அதற்கு மேல் அங்கே நிற்கப் பொறுக்கவில்லை. தனியாகப் போய்ச் சுனைக்கரையில் நின்றது.

"நீ மட்டுமா? மத்தவங்க எங்கே?" என்று கேட்ட கொம்பையா, முன்னமே அங்கே வந்து காத்திருந்தது; கொக்கின் தலைக்கு மேலாகப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது.

உச்சி வெயில் சாய்ந்த பிறகு மரவட்டைகள் அவிழ்ந்தன. பாட்டும் கூச்சலுமாக ஊர்வலம் வந்தது. ஈரச் சேற்றில் செவத்தானின் கால்கள் அலை போல ஒவ்வொன்றாக இறங்கின. கொக்கால் கண்ணை எடுக்க முடியவில்லை. எண்ணத் தொடங்கியது. முப்பது, முப்பத்தொன்று... தவறிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து. எதையாவது உற்றுப் பார்த்தால் கொக்குக்கு ஒரு கால் தானாக மடங்கி வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். மடங்கியது.

கொம்பையா பிளிறியது.

பிறகு குனிந்து எண்ணிக்கொண்டே வந்தது. தவளைக்கு நாலு. நண்டுக்கு எட்டா பத்தா என்று சின்னத் தகராறு. செவத்தான் குடும்பத்தை எண்ணி முடிப்பதற்குள் யானைக்கே கண் பூத்துவிட்டது. மெல்லாயிக்கு ஒன்று.

"வெள்ளையப்பா, உனக்கும் ஒண்ணு!"

"என்னது? ரெண்டு!"

"எனக்கு ஒண்ணுதான் தெரியுது."

கொக்கு குனிந்து பார்த்தது. அவசரமாகக் காலை இறக்கியது.

"பிளிறினது பிளிறினதுதான்!" என்றது கொம்பையா.

"அட, நம்ம கொக்குத் தம்பிக்கும் என்னை மாதிரி ஒரே கால்தானா! இத்தனை நாள் சொல்லவே இல்லையே!" என்றது மெல்லாயி. சுனைக்கரையே சிரித்தது.

செவத்தான் மட்டும் சிரிக்கவில்லை. "விடுங்கண்ணே. உங்க யோசனையாலதானே இவ்வளவு புல்லும்!" என்றது.

ஏழு நாளாகக் கொக்கு கேட்க ஆசைப்பட்ட சொல் அதுதான். இப்போது அதைக் கேட்க அதற்குக் கூசியது.

அடுத்தவர் கால்களை எண்ணிக்கொண்டே இருப்பவர், தம் காலை ஊன்ற மறந்துவிடுவார்.