அழியாத பாட்டை அழித்த கதை

முதலில் வம்புக்கு வந்தவர் அட்சயலிங்கப் பண்டிதர்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் கதையைத் தொடங்குவேன். நான் நெல்லிக்குன்றம் வல்லப ராஜாவின் சபையில் விகடம் பேசிப் பிழைக்கிற சடையன்.

எங்கள் ராஜாவுக்குக் கவி பாடுகிற வியாதி. தினம் காலையில் சபை முழுக்க உட்கார்ந்து கேட்டாக வேண்டும். பண்டிதர் வெளிதேசத்தில் கம்ப்யூட்டர் படித்தவர். அரண்மனையில் ஒரு சேமிப்புக் கிடங்கு வைத்தார். இரண்டு அலமாரி நிறைய டிஸ்க்குகள். எந்த அறையில் இருக்கிற கம்ப்யூட்டரும் கம்பி வழியாக அங்கே போய் வேண்டியதை எடுத்துக்கொள்ளும். ராஜாவின் பாட்டெல்லாம் அதில்தான் ஏறின.

ஒருநாள் பண்டிதர் எழுந்தார்.

"ராஜா, கிடங்கின் சொற்கள்கூடத் தெரியாத கைநாட்டுகள் சபையில் இருக்கலாமா? சோதித்துப் பார்ப்போம். தெரியாதவர் ஊரைவிட்டுப் போகட்டும்."

சொன்னது சபைக்கு. பார்த்தது என்னை. ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

"சடையா, ஃபேப்ரிக் என்றால் என்ன?"

"துணி."

"மடையா, கம்பியும் சுவிட்சும் சேர்ந்த பின்னல் அது. லன் என்றால்?"

"எங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லையே."

"கிடங்கில் அவரவருக்குப் பிரித்துக் கொடுத்த பங்கு. மிரர்?"

"முகம் பார்க்கிறது. அதுவும் தப்பென்றால் நீங்களே சொல்லுங்கள், சாமி."

சபை சிரித்தது. ராஜா, "சடையா, மூட்டையைக் கட்டு" என்றார்.

பண்டிதர் மீசையைத் தடவிக்கொண்டு விளக்கினார். "இந்த அலமாரியில் என்ன செய்தாலும் அடுத்த அலமாரியிலும் அந்த நொடியே அப்படியே நடக்கும். அதுதான் மிரர். ராஜாவின் பாட்டுக்கு அழிவே கிடையாது."

மந்திரிமார் பெருமூச்சு விட்டார்கள்.

"போகிறவன் ஒன்று பார்த்துவிட்டுப் போகிறேன்" என்றேன். "இதில் அழித்தாலும் அதில் இருக்குமா?"

"இருக்கும். நானே அழித்துக் காட்டுகிறேன்."

ராஜா தடுப்பதற்குள் பண்டிதர் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டார். முதல் அலமாரி காலி. சிரித்துக்கொண்டே அடுத்ததைத் திறந்தார். அதுவும் காலி.

"பண்டிதர் சொன்னது சரிதான்" என்றேன். "அழித்ததும் அப்படியே நடந்திருக்கிறது."

ராஜாவின் முகம் கறுத்தது. "தனியாகப் பிரதி எடுத்து வைக்கவில்லையா?"

"மிரர் இருக்கிறதே என்று..." பண்டிதர் இழுத்தார்.

"என் ஆயுசுப் பாட்டெல்லாம் போச்சா?"

"எங்கே போகும், ராஜா?" என்றேன். "பாடிய வாய் இருக்கிறது. மறக்க முடியாமல் நாங்களும் இருக்கிறோம். நீங்கள் சொல்லச் சொல்லப் பண்டிதர் கையால் எழுதட்டும்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். என்னை அங்கேயே இருக்கச் சொன்னார். எல்லாப் பாட்டையும் எழுதி முடித்த அன்று, பண்டிதர் சபை நடுவே என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பும் சொன்னார்.

பண்டிதர் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார். பக்கத்தில் எழுத ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ராஜா தினமும் புதுசு புதுசாகப் பாடுகிறார். மன்னிப்பு இன்னும் வந்து சேரவில்லை.