கத்துகிற இடம்

"சாமி, அவங்க கெட்டுப்போயிட்டாங்க" என்றான் மாசிலாமணி.

"யாரு அண்ணே?"

"ஈரச்சாக்கு."

குரு சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் தப்பில்லை. பாட்டுக் குழுவுக்கு அப்படியொரு பெயரை வைத்தவர்கள் அதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்திருப்பார்கள்.

சிறுமலை அடிவாரத்தில் ஓர் ஓட்டுக் கொட்டகை. அதுதான் மடம். குரு மாசிலாமணியைவிடப் பத்து வயது இளையவர். வயதில் மூத்த சீடர்களை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். குருவே அண்ணே என்று கூப்பிட்டால் காலில் விழுவதா, தோளில் தட்டுவதா? மாசிலாமணிக்கு அது பிடிபடவே இல்லை.

"என்ன கெட்டுப்போச்சு?"

"எல்லாந்தான் சாமி. முன்னாடி ஒரு கிதார், ஒரு பறை, பிரிட்டோவோட கரகரத்த குரல். அவ்வளவுதான். கேட்டா ரத்தம் சூடாகும். இப்ப எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல செய்யிறானுங்க. பல் டாக்டர்கிட்ட காத்திருக்கிறப்ப போடுவாங்களே, அந்த மாதிரி இருக்கு."

"பிடிக்கலைன்னா கேக்காம விட்டுடலாமே."

மாசிலாமணி தரையைப் பார்த்தான்.

"மொட்டைப் பாறைன்னு ஒரு பாட்டு சாமி. நடுவுல எல்லாத்தையும் நிறுத்திருவாங்க. ஒரு மூச்சு நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் பறையில ஒரே ஒரு அடி. அந்த அடியோட சேர்ந்து கூட்டமே ஏய்னு கத்தணும். அது வழக்கம்."

"சரி."

"என் தம்பிக்கு அந்த அடி வர்ற வரைக்கும் பொறுக்காது. முன்னாடியே கத்திருவான். அத்தனை பேரும் வாயை மூடிட்டு நிக்கிறப்ப அவன் ஒருத்தன் மட்டும் ஏய்! எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. எனக்கு மானம் போகும். எந்தக் கச்சேரியிலயும் அவன் சரியாக் கத்துனதே இல்ல சாமி."

தம்பி செல்லத்துரை போன ஆனியில் இறந்துபோனான். மாரடைப்பு. பல் தேய்க்கப் போனவன் குழாயடியிலேயே சரிந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் மாசிலாமணி வேலையை விட்டுவிட்டு மடத்துக்கு வந்தான். வந்த நாளிலிருந்து ஈரச்சாக்கைத் திட்டினானே தவிர, தம்பியைப் பற்றி இத்தனை பேசியது அன்றுதான்.

"இப்ப அந்தப் பாட்டைப் புதுசாப் போட்டிருக்கானுங்க. அந்த இடத்தை அடைச்சிட்டானுங்க சாமி. கீபோர்டை வச்சு ரொப்பிட்டானுங்க. ஒரு மூச்சுகூட விடல. என் தம்பி எங்க சாமி கத்துவான்?"

"பழைய பதிவு இருக்குமே?"

"அது ரூமுக்குள்ள பாடுனது. கூட்டத்துல நிக்கணும் சாமி. அவங்க நிறுத்தணும். அப்பதான் அவன் பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும்."



"போய்க் கேளுங்க. பழைய மாதிரியே பாடச் சொல்லுங்க."

"பாடுவாங்களா?"

"கேட்டாத்தானே தெரியும்."

திண்டுக்கல்லில் ஒரு பெயிண்ட் கடை மாடியில் அவர்கள் ஒத்திகை பார்ப்பார்கள். மாசிலாமணி சண்டை போடும் எண்ணத்தோடுதான் படியேறினான். மேலே பிரிட்டோ கிதாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். பறைக்காரன் மூலையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அந்த இடத்தை ஏன் தம்பி அடைச்சீங்க?"

எந்த இடம் என்று பிரிட்டோ கேட்கவில்லை.

"இப்பல்லாம் யாரும் கத்துறதில்லண்ணே. நாங்க நிறுத்துவோம், அடிப்போம், எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சிட்டு நிப்பாங்க. எங்களுக்கே அசிங்கமாப் போச்சு. அதான் அடைச்சிட்டோம்."

மாசிலாமணிக்குத் திட்ட வாய் வரவில்லை.

"ஒரே ஒரு தடவை பழைய மாதிரி பாடுங்க. என் தம்பிக்காக. அவன் இப்ப இல்ல."

"யாருண்ணே உங்க தம்பி?"

"அடிக்கு முன்னாடியே கத்துவான்."

பறைக்காரன் நிமிர்ந்தான். "அவரா? அவரால எத்தனை தடவை எனக்குக் கை தடுமாறியிருக்கு!" என்றவன், கையில் இருந்த சோற்றை டப்பாவிலேயே போட்டுவிட்டான்.

பிரிட்டோ சொன்னான்: "சனிக்கிழமை நத்தத்துல கச்சேரிண்ணே. வாங்க."

கச்சேரி முடிந்த மறுநாள் மாசிலாமணி மடத்துக்குத் திரும்பினான். உள்ளே போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

குரு உள்ளே இருந்தபடியே கேட்டார்: "பாடுனாங்களா?"

"பாடுனாங்க. கீபோர்டை இறக்கி வச்சிட்டுப் பாடுனாங்க. அதே கிதார். அதே குரல். ஒரு குறை சொல்ல முடியாது சாமி."

"அந்த இடம்?"

"வந்துச்சு. நிறுத்துனாங்க. பொட்டுச் சத்தம் இல்ல. பறைக்காரத் தம்பி கையைத் தூக்கிட்டு அடிக்காமலே நின்னான். ரொம்ப நேரம் நின்னான் சாமி."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"காத்துக்கிட்டு இருந்தேன்."

"யாருக்கு?"

மாசிலாமணியின் முகம் கோணியது.

"என்னை ஏன் சாமி போகச் சொன்னீங்க? போகாம இருந்திருந்தா, அவங்க பாட்டைக் கெடுத்துட்டாங்க, அதான் அவன் வரலைன்னு சாகிற வரைக்கும் திட்டிக்கிட்டே இருந்திருப்பேன். இப்ப அவங்க மேலயும் தப்பில்ல. இனிமே நான் யாரைத் திட்டுறது?"

குரு எழுந்து வந்தார். அவனுக்கு எதிரே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்னைத் திட்டுங்கண்ணே."

மாசிலாமணி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திட்டத் தொடங்கினான்.

"பாவிப் பயலே, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதாடா…"