பூதக்கண்ணாடியும் தளவாயின் மூலையும்

முன்னொரு காலத்தில், பூதக்கண்ணாடி என்ற ஒன்று நம் பக்கம் வந்த புதிதில், ஒரு ராஜா இருந்தார். கப்பல் வியாபாரி கொடுத்த கண்ணாடி கைக்கு வந்ததிலிருந்து அவருக்கு ராஜ்ய காரியம் எதுவும் ஓடவில்லை. பாக்கைப் பார்த்தார், எலுமிச்சை அளவு தெரிந்தது. எறும்பைப் பார்த்தார், வண்டு. புரோகிதரின் மூக்கைப் பார்த்தார், கத்திரிக்காய்.

"எல்லாம் மும்மடங்கு ஆகிறதே," என்றார் கடைசியில்.

தளவாய் வள்ளிநாயகத்துக்கு அதுதான் சமயம். அரண்மனை விகடகவி குப்பாண்டியைக் கண்டால் அவருக்கு ஆகாது. காரணம் சின்னது. தளவாய்க்கு ‘ள’ வராது. குப்பாண்டி ஒருமுறை சபையில் அவரைப் போலவே பேசிக் காட்டிவிட்டான்.

"மகாராஜா, கண்ணுக்குத் தெரியவேண்டும், கண்ணாடியில் பெரிதாகக் கூடாது. அப்படி ஒன்றைக் குப்பாண்டி இப்போதே காட்டட்டும். அவனுக்குப் பெரிய மூலை என்கிறார்கலே. முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

ராஜாவுக்கும் பார்க்க ஆசை. "அப்படியே ஆகட்டும்," என்றார்.

குப்பாண்டி யோசித்தான். மூட்டை கட்டினால் போக ஊர் ஏது? தளவாய் சொன்னதை ஆரம்பத்திலிருந்து வரிசையாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். ‘மூலை’ என்ற இடத்தில் நின்றான்.

இரண்டு ஓலை வாங்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முனையைக் கோணலாக நறுக்கினான். ஒன்றைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தான். மற்றதை ராஜாவிடம் கொடுத்தான்.

"பிரபு, கீழே உள்ள ஓலையின் நீளம்?"

"மும்மடங்கு."

"அகலம்?"

"அதுவும்தான்."

"தங்கள் கையிலுள்ள ஓலையின் மூலையைக் கண்ணாடிமேல் வைத்து, கீழே தெரியும் மூலையோடு பொருத்திப் பார்க்க வேண்டும்."

ராஜா வைத்தார். கூர்மேல் கூர் உட்கார்ந்தது. இரு பக்க விளிம்பும் இம்மி விலகாமல் படிந்தன. எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தார்.

"பெரிதாகவில்லையே."

"தளவாய் கேட்டது இந்த மூலைதானே, பிரபு. விளிம்பு எத்தனை மடங்கு வளர்ந்தாலும் மூலையின் விரிவு இருந்தபடியே இருக்கும்."

"நான் சொன்னது மூலை இல்லை," என்று தளவாய் தன் தலையைத் தட்டிக் காட்டினார், "மூலை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "குப்பாண்டி, கண்ணாடி உனக்கே. ஒரு வாரம் மட்டும் தளவாயிடம் இருக்கட்டும். ஓலையில் ஒரு ‘ள’ எழுதிக் கொடு. பெரிதாகவாவது பார்க்கட்டும்."

வாரம் கழித்துக் கண்ணாடி திரும்பியது. கூடவே தளவாயின் கைப்பட ஒரு சீட்டு: ‘குப்பாண்டியைப் பெற்றுக்கொல்லச் சொல்லவும்.’

ராஜா அதற்கும் சிரித்தார். குப்பாண்டிதான் சில நாள் தளவாய் கண்ணில் படாமல் நடந்தான்.