மேகலை இழுத்த பக்கம்

தலைமையாசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுமாதமே தெய்வநாயகம் ஆசிரமத்துக்கு வந்துவிட்டார். முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளின் இரைச்சலைக் கேட்டாயிற்று, இனிமேலாவது கொஞ்சம் அமைதி வேண்டும் என்பது அவர் எண்ணம். தென்காசிக்கு மேற்கே, சாரல் எட்டிப்பார்க்கும் மலையடிவாரத்தில் இருந்தது அந்தச் சிறிய ஆசிரமம். குரு ஒரு பெண்மணி. தெய்வநாயகத்தைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். அது தெய்வநாயகத்துக்குப் பிடித்திருந்தது.

நாலாவது மாதம் குரு அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். சமையற்கட்டில் வேலை பார்க்கும் சுகந்திக்கு ஏழு வயதில் ஒரு மகள், மேகலை. சுகந்தி அடுப்படியில் நிற்கும் நேரம், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை, அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"பாடம் நடத்தணுமாம்மா?" என்று கேட்டார் தெய்வநாயகம்.

"கூட இருந்தாப் போதும்" என்றார் குரு.

கூட இருப்பதெல்லாம் ஒரு வேலையா? அவர் கடைக்குப் போய் ஒரு சிலேட்டும் ஒரு பெட்டி பல்பமும் வாங்கி வந்தார்.

முப்பத்திரண்டாவது நாள் மதியம் அவர் குருவின் அறை வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. குரு தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னால முடியாதும்மா."

"உக்காருங்க ஐயா."

அவர் உட்காரவில்லை. "ஒரே எழுத்து. 'அ'. முப்பத்திரண்டு நாளா அந்த ஒரு எழுத்துலயே நிக்கிறேன். கையைப் பிடிச்சு எழுத வச்சா உருவிக்கிறா. என்னைப் பாருன்னா சுவரைப் பாக்கிறா. முகத்தைத் திருப்பிவிட்டா கண்ணை மூடிக்கிறா. பல்பத்தையெல்லாம் எடுத்து வரிசையா அடுக்குறா. அதுல ஒண்ணை நான் எடுத்தாப் போச்சு, ஊரைக் கூட்டிருவா."

"சரி."

"காது கேக்கலையோன்னு பாத்தேன். நல்லாக் கேக்குது. ரெண்டு ரூம் தள்ளி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சா வந்து நிக்கிறா. பேரைச் சொல்லி நூறு தடவை கூப்பிட்டாலும் திரும்பமாட்டா. இதுக்கு என்னம்மா பேரு?"

"டாக்டர் ஒரு பேரு சொல்லியிருக்காரே."

"ஆட்டிசம். ஃபைலை வாங்கிப் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். பேரைத் தெரிஞ்சு நான் என்ன பண்ண? நான் சொல்றது இவளுக்கு எப்பத்தான் புரியும்?"

குரு கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தார்.

"நாளைக்கு சுகந்தி திருநெல்வேலி போறா. அவ அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். காலையில போனா பொழுது சாயறதுக்குள்ள வந்துருவா. நாளைக்கு முழுநாளும் நீங்கதான் பாத்துக்கணும்."

"முடியாதுன்னு சொல்லத்தாம்மா வந்தேன்."

"கேட்டேன்" என்றார் குரு. அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

தெய்வநாயகம் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார். இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். அங்கே டிவி சத்தம் ஒன்றுதான் தொந்தரவு.

சமையற்கட்டு வாசலில் சுகந்தி காத்திருந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஐயா, நாளைக்கு மத்தியானம் அவளுக்குச் சோத்துல குழம்பு படக்கூடாது. தனித்தனியா வைக்கணும். பட்டுதுன்னா அப்புறம் தட்டையே தொடமாட்டா."

"பிள்ளைக்கு இவ்வளவு இடம் குடுக்கப்படாது சுகந்தி. கண்டிச்சு வளக்கணும்."

சுகந்தி சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எல்லாரும் ஆளுக்கொண்ணு சொல்லிட்டாங்க ஐயா. என் மாமியார் நாக்குல வசம்பைத் தேச்சாங்க. ஒருத்தர் தாயத்துக் கட்டிவிட்டாரு. இவ அப்பா அடிச்சுப் பாத்தாரு. அடிச்சும் பேசலன்னதும் அவரே வீட்டை விட்டுப் போயிட்டாரு. பள்ளிக்கூடத்துல வேண்டாம்னுட்டாங்க. இங்கயும் முடியாதுன்னா நான் வேலையை விட்டுட்டு இவளைக் கட்டிக்கிட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான். கண்டிக்கறதுல புதுசா வேற வழி இருந்தாச் சொல்லுங்க, அதையும் செய்றேன்."

"குழம்பு படாம வைக்கிறேன்" என்றார்.

மறுநாள் மதியம்வரை எப்படியோ போயிற்று. சோறும் குழம்பும் தனித்தனியாக வைத்தார். மேகலை சாப்பிட்டாள். பிறகு பல்பங்களை அடுக்கினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்.

மூன்று மணிக்கு ஒரு பஸ் நிறையப் பக்தர்கள் வந்து இறங்கினார்கள். பஜனைக் கோஷ்டி. கூடத்தில் ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கினார்கள். ஒருவர் மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்றார். பெட்டி 'கீ' என்று வீறிட்டது.

மேகலை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் விழுந்தாள். அலறினாள். தலையைத் தூணில் முட்டினாள். பஸ்ஸில் வந்தவர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"என்ன வளர்ப்போ" என்றாள் ஓர் அம்மாள்.

"வளர்ப்பு இல்ல, இது வேற சேட்டை. மந்திரிச்சாச் சரியாயிரும்" என்றார் இன்னொருவர். "தாத்தா, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

தெய்வநாயகத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆயிரம் பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கிய மனிதர் அவர். குனிந்து மேகலையின் கையை இறுக்கிப் பிடித்து, "வாயை மூடு" என்று பள்ளிக்கூடக் குரலில் அதட்டினார். பெட்டி மறுபடியும் வீறிட்டது. மேகலை அவர் விரலைக் கடித்தாள். வலி பொறுக்காமல் கையை விட்டார். அவள் எழுந்து ஓடினாள்.

போகட்டும், அடுப்படிக்குத்தானே போவாள் என்று நினைத்து அவர் குழாயடிக்குப் போய் விரலைக் கழுவினார். ரத்தம் நிற்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. அடுப்படிக்குப் போய்ப் பார்த்தார். அங்கே அவள் இல்லை. கூடத்தில் இல்லை. மாட்டுக் கொட்டகையில் இல்லை. தோட்டக்காரர் இசக்கியைக் கேட்டார். "நான் பாக்கலையே ஐயா" என்றார் இசக்கி.

அப்போதுதான் அவருக்கு வாய்க்கால் ஞாபகம் வந்தது. ஆசிரமத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் சாரல் காலத்தில் இடுப்பளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும். இசக்கியிடம் சொன்னார். இசக்கி வாய்க்காலுக்கு ஓடினார். பஜனைக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் போய், "மேகலா, மேகலா" என்று கூவினார்கள். ஒருவர் மைக்கிலேயே கூப்பிட ஆரம்பித்தார். கால் மணி, அரை மணி ஆயிற்று. இசக்கி கரை நெடுகப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்தார்.

குரு அறையிலிருந்து வந்தார். நேராகக் கூடத்துக்குப் போய் ஸ்பீக்கரை நிறுத்தினார். "யாரும் கூப்பிட வேண்டாம். எல்லாரும் உக்காருங்க" என்றார். இசக்கியை மறுபடியும் வாய்க்கால் கரையிலேயே நிற்கச் சொல்லி அனுப்பினார். பிறகு தெய்வநாயகத்திடம் வந்தார்.

"எங்க போயிருப்பா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவளுக்கு எது பிடிக்கும்?"

"கத்தப் பிடிக்கும். கடிக்கப் பிடிக்கும். சொன்னதைக் கேக்காம இருக்கப் பிடிக்கும்."

"அது உங்களுக்குப் பிடிக்காதது. அவளுக்குப் பிடிச்சதைக் கேட்டேன்."

தெய்வநாயகத்துக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "விடுகதை போடுற நேரமாம்மா இது? பிள்ளை தண்ணியில போயிருந்தா அந்தத் தாய்க்கு நான் என்ன சொல்லுவேன்? தெரிஞ்சாச் சொல்லுங்களேன்."

"தெரிஞ்சா உங்களைக் கேக்கமாட்டேன். முப்பத்திமூணு நாளா அவளோட இருந்தது நீங்க ஒருத்தர்தான்." குருவின் குரலும் அப்போது சற்று உயர்ந்துதான் இருந்தது. "யோசிங்க."

அவர் யோசித்தார். அவள் என்னவெல்லாம் செய்யவில்லை என்று ஒரு நோட்டு நிறைய எழுதியிருந்தார். அவள் என்ன செய்தாள் என்று நினைத்துப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பல்பம் அடுக்கினாள். வேறு? அழுதாள். வேறு?

இழுத்தாள்.

தினமும் பத்தரை மணி வாக்கில் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பாள். விரலைப் பிடிக்கமாட்டாள், மணிக்கட்டைத்தான். "எங்க இழுக்கிற, உக்காரு" என்று அவர் திருப்பி இழுத்து உட்காரவைப்பார். ஒரு நாள் தவறியதில்லை. நோட்டில் அதற்கு 'அடம்' என்று ஒரே வார்த்தை எழுதிவைத்திருந்தார். எந்தப் பக்கம் இழுத்தாள்? சாமான் அறைப் பக்கம். எப்போதும் அதே பக்கம்.

சாமான் அறைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? நாலு மாதத்தில் அவர் அங்கே போனதே இல்லை.

அவர் கிட்டத்தட்ட ஓடினார். குரு பின்னால் வரவில்லை.

சாமான் அறைக்கும் மதிலுக்கும் நடுவில் ஆள் ஒருக்களித்து நுழையும் சந்து. உள்ளே போனால் ஒரு தகரக் கூரை, அதன் கீழ் உபயோகமில்லாத பாத்திரங்கள். மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் குழாய் அங்கே ஓர் இணைப்பில் கசிந்தது. கவிழ்த்துப் போட்ட பெரிய அண்டா ஒன்றின் முதுகில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அண்டாவை ஒட்டி மேகலை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கை காதில் இருந்தது. இன்னொரு கையை அண்டாமேல் விரித்து வைத்திருந்தாள். உடம்பு முன்னும் பின்னும் மெல்ல ஆடியது. அழவில்லை.

தெய்வநாயகம் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். கூப்பிட்டால் ஓடிவிடுவாள் என்ற பயம்.

மண்ணில் அப்படியே உட்கார்ந்தார். வேட்டி நனைந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்து அவள் கை நீண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து, அவர் உள்ளங்கையை அண்டாமேல் வைத்தது.

சொட்டு விழுந்தது. பாத்திரம் முழுக்க ஒரு சிறு அதிர்வு ஓடி அவர் கைக்குள் வந்து அடங்கியது. அடுத்த சொட்டு வரும்வரை ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும்.

சந்து வாசலில், கரையிலிருந்து தேடி வந்த இசக்கியின் தலை தெரிந்தது. தெய்வநாயகம் மற்றக் கையால் சைகை காட்டினார். இசக்கி நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் சுகந்தி பஸ்ஸைவிட்டு இறங்கி வரும்போது அவரே வாசலில் போய் நின்று சொன்னார். அதட்டியது, கையை இறுக்கியது, விட்டது, ஒரு மணி நேரம் பிள்ளையைக் காணாமல் தேடியது, எதையும் விடாமல் சொன்னார். சொல்லி முடித்து, அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார்.

சுகந்தி பையைக் கீழே வைத்தாள். "பள்ளிக்கூடத்துல மூணு தடவை தொலைச்சாங்க ஐயா. ஒரு தடவைகூட அவங்களா வந்து சொன்னதில்ல." பிறகு கேட்டாள், "எங்க இருந்தா?"

"சாமான் ரூமுக்குப் பின்னால. அண்டா பக்கத்துல."

"அங்கயா? என்னையும் அந்தப் பக்கந்தான் இழுப்பா. அடுப்புல உலை கொதிக்கும்போது எங்க போக, நீயே சொல்லுடின்னு ஏசுவேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் இருந்த இடத்துக்கு நடந்தாள்.

தெய்வநாயகம் குருவின் அறைக்குப் போனார். விரலில் கட்டு, வேட்டியில் சேறு. ஆனால் நேற்று நின்ற மாதிரி நிற்கவில்லை, சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"பிடிபட்டுப் போச்சும்மா. இனிமே விடமாட்டேன். நாளையிலேருந்து பாடம் அங்கதான். சிலேட்டை அங்க கொண்டுபோறேன். ஒரு சொட்டு விழுந்தா ஒண்ணு, ரெண்டு விழுந்தா ரெண்டு. எண்ணுறதை முதல்ல சொல்லிக் குடுத்துட்டு அப்புறம் எழுத்துக்கு வாறேன். மூணு மாசம் குடுங்க, அவளைப் பேச வச்சுக் காட்டுறேன்."

குரு அவரைப் பார்த்தார். ஒரு நாள் முழுவதன் அலுப்பும் அந்தப் பார்வையில் இருந்தது.

"தினம் இழுத்தாளா ஐயா?"

"தினம். ஒரு நாள் விட்டதில்ல."

"முப்பத்திரண்டு நாளும்?"

"ஆமா."

"இன்னைக்கு ஒரு தடவை போயிருக்கீங்க. மிச்சம் முப்பத்தொண்ணு இருக்கு. சும்மா கையை வீசிக்கிட்டுப் போயிட்டு வாங்க. சிலேட்டை அதுக்கப்புறம் பாக்கலாம்."