துரைச்சிங்கம் எழுபது கிலோ ஆன கதை

நத்தைப்பட்டிக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நான் சொல்லலாம். நான் அந்த ஊரில் பெண் எடுத்தவன். மற்றவர்கள் சொல்லக்கூடாது.

அந்த ஊரில் ‘பாயும் முயல்’ என்று ஒரு கபடிக் குழு உண்டு. ஏழு பேர். கேப்டன் துரைச்சிங்கம் நல்ல ஆட்டக்காரன், நல்ல சாப்பாட்டுக்காரன். இதில் எதில் கெட்டிக்காரன் என்று கேட்டால் அவனைப் பெற்றவளே கொஞ்சம் யோசிப்பாள். அவனுக்கு மேலக்குடி சுகந்தி என்றால் உயிர். அவளுக்கும் அப்படித்தான். நடுவில் நின்றது அவளுடைய அப்பா கருப்பையா அம்பலம்.

மேலக்குடியில் மாசித் திருவிழாவுக்கு நடக்கும் கபடிப் போட்டியின் தலைவர் அம்பலம்தான். எழுபது கிலோ பிரிவு. அதற்கு மேல் இம்மி கூடினாலும் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார். பெண் கேட்டுப் போன துரைச்சிங்கத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, எங்க வீட்டு மாப்பிள்ளை கபடி ஆடுறவரா இருக்கணும். இந்த மாசியில எடை தேறி, களத்துல ஜெயிச்சுக் காட்டுங்க. பொண்ணு உங்களுக்குத்தான். இல்லைன்னா நான் வேற இடம் பார்த்துருவேன்.”

துரைச்சிங்கம் அப்போது எழுபத்தெட்டு கிலோ. பொங்கல் வேறு அப்போதுதான் முடிந்திருந்தது. அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

டவுனில் ஜெரினா என்று ஒரு டயட்டீஷியன் அம்மா இருந்தார். ஏழு பேரும் சேர்ந்தே போனார்கள். கேப்டனைத் தனியாக அனுப்பினால் டீமுக்கு மரியாதை இல்லையே. அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்:

“ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு கலோரி. அதைத் தாண்டக் கூடாது. ஆனா கலோரியை மட்டும் பார்த்தா பத்தாது. அதுல பாதி, சோறு, கம்பு மாதிரி மாவுச்சத்து. கால்வாசி, முட்டை, கொண்டைக்கடலை மாதிரி புரதம். மிச்சக் கால்வாசி, எண்ணெய், தேங்காய்ல வர்ற கொழுப்பு. ஒண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டு இன்னொண்ணை விட்டுரக் கூடாது. பேலன்ஸ் முக்கியம். தினமும் ஓடணும்.”

ஏழு தலைகளும் ஒரே நேரத்தில் ஆடின. அந்த அம்மாவுக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பாவம், அவர் வெளியூர்.

அன்று சாயங்காலமே கண்மாய்க் கரை கபடிக் களத்தில் கூடினார்கள். குழுவின் மூளை கோட்டைச்சாமி. ஒன்பதாம் வகுப்பில் பலமுறை படித்தவன். அவன் ஆரம்பித்தான்.

“டேய், கபடியில ஒருத்தன் தொட்டா பாயிண்ட் யாருக்கு?”

“டீமுக்கு.”

“அப்ப ஒருத்தன் தின்னா கலோரி யாருக்கு?”



“டீமுக்குத்தான்!” என்றான் துரைச்சிங்கம், அதிர்ந்து போய். “ஏன் கோட்டை, இதை அந்தம்மா சொல்லவே இல்லையே?”

“அவங்க கபடி ஆடினதில்லைல்ல.”

அப்புறமென்ன, வேலை மளமளவென்று நடந்தது. ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு என்றால் ஏழு பேருக்கு எவ்வளவு என்று பெருக்கினார்கள். எல்லாரும் எல்லாவற்றையும் தின்பது வீண்குழப்பம். ரெய்டு போகிறவன் ரெய்டு போகிறான், பிடிக்கிறவன் பிடிக்கிறான், சாப்பாட்டுக்கும் அதுதானே முறை? ஆகவே ஏழு பேரின் சோறும் துரைச்சிங்கத்துக்கு. கேப்டனாயிற்றே. ஏழு பேரின் முட்டையும் கொண்டைக்கடலையும் கோட்டைச்சாமிக்கு. ஏழு பேரின் எண்ணெயும் தேங்காயும் சுடலைமுத்துவுக்கு. ஏழு பேரின் ஓட்டத்தையும் மயிலப்பன் ஓட வேண்டியது. மயிலப்பன் இயல்பிலேயே ஒல்லி. சொன்னதைச் செய்வான், ஏன் என்று கேட்கமாட்டான். மீதி மூன்று பேர் ரிசர்வ். மற்றவர்கள் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து தயாராக இருந்தார்கள்.

“எங்களுக்குப் பசிச்சா?” என்று ரிசர்வில் ஒருவன் கேட்டான்.

“கோட்டுக்கு வெளிய போயி தின்னுக்க. வெளிய நடக்குறது ஆட்டத்துல சேராது,” என்றான் கோட்டைச்சாமி.

இந்தத் தீர்ப்பு எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. சுண்ணாம்புக் கோட்டுக்குள் உட்கார்ந்து கணக்காகச் சாப்பிட்டார்கள். பிறகு கோட்டைத் தாண்டிப் போய் பரோட்டா சாப்பிட்டார்கள்.

சில நாளில் பலன் தெரிந்தது. கோட்டைச்சாமி பக்கத்தில் யாரும் உட்கார முடியவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் பேசினார்கள். சுடலைமுத்து நல்லெண்ணெயைக் குடித்துக் குடித்து, பாதிப் பயிற்சியைக் கருவேலங்காட்டுக்குள்ளேயே முடித்தான். மயிலப்பன் விடியலில் ஓட ஆரம்பித்தால் இருட்டும்போதுதான் நிற்பான். ஊர் நாய்கள் முதலில் துரத்தின, பிறகு அவற்றுக்கே சலித்துவிட்டது.

ஜெரினா அம்மா ஒரு நாள் கோட்டைச்சாமிக்குப் போன் செய்து விசாரித்தார்.

“எப்படிப் போகுது? பேலன்ஸ் பண்றீங்களா?”

“கச்சிதம் மேடம். பாதி மாவு, கால் புரதம், கால் கொழுப்பு. கிராம் பிசகலை. கலோரியும் தாண்டலை. ஓட்டம் கொஞ்சம் கூடவே ஓடியாச்சு.”

“சூப்பர்! உங்களை மாதிரி யாரும் ஒழுங்கா ஃபாலோ பண்றதே இல்லை,” என்று அவர் மனம் குளிர்ந்து போனார்.

போட்டி நாள் வந்தது. மேலக்குடிக் களத்தின் ஓரத்தில் நெல் மூட்டை நிறுக்கும் தராசைப் போட்டு, பக்கத்தில் அம்பலம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளி சுகந்தி நின்றாள். நகத்தைக் கடித்துக் கடித்து, கடிக்க நகமே இல்லை அவளுக்கு.

துரைச்சிங்கம் ஏறினான். எண்பத்திரண்டு.

“என்ன தம்பி, ஏறிப் போச்சு?”

“நான் மாவுச்சத்து மட்டும்தான் மாமா. மத்ததெல்லாம் அவனுங்கள்ட்ட இருக்கு. டீமாச் சேர்த்துப் பாருங்க, சரியா இருக்கும்.”

“டீமையெல்லாம் சேர்த்து நிறுக்க முடியாது. ஆளுக்கு எழுபது. அதான் சட்டம்.”

சுகந்தி அழுதே விட்டாள்.  துரைச்சிங்கம் தராசைவிட்டு இறங்காமலே நின்றான். மற்றவர்கள் தலை குனிந்து நின்றார்கள். கோட்டைச்சாமி மட்டும் மயிலப்பனைத் தள்ளி ஏற்றினான்.

“டேய், கேப்டனைத் தூக்கித் தோள்ல வச்சுக்க.”

மயிலப்பன் ஏன் என்று கேட்காமல் தூக்கினான். முள் நூற்று நாற்பதில் நின்றது.

“எத்தனை ஆளுங்க மேல இருக்கு மாமா?” என்று கேட்டான் கோட்டைச்சாமி.

“ரெண்டு.”

“ஆளுக்கு?”

அம்பலம் விரலை மடக்கினார். விரித்தார். மறுபடி மடக்கினார். மேலக்குடியும் நத்தைப்பட்டியும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

“எழுபது,” என்றார். “இம்மி கூடலை. கணக்கு சரியாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு. எங்க ஊர் வழக்கப்படி எடை போட்ட கோலத்துலயே களத்துல இறங்கணும். நடுவுல ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கப்படாது, எதையும் மாத்தப்படாது.”

அப்படியே இறங்கினார்கள். மயிலப்பன் ஓடினான், மேலே உட்கார்ந்து துரைச்சிங்கம் கபடி கபடி என்று பாடினான். ஓடுகிறவன் பாடவில்லை, பாடுகிறவன் ஓடவில்லை. அதனால் மூச்சு வாங்கவே இல்லை. எதிரணி கீழே காலைப் பிடிப்பதா, மேலே காலைப் பிடிப்பதா என்று பேசி முடிப்பதற்குள், துரைச்சிங்கம் குனிந்து எல்லார் தலையையும் வரிசையாகத் தொட்டுவிட்டான். பாயும் முயல் ஜெயித்தது.

அம்பலம் சொன்ன சொல் தவறாதவர். அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார். சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து அண்ணாந்து பார்த்தாள்.

“இறங்கி வாங்களேன்.”

“இறங்கினா எம்பத்திரண்டு ஆயிருவேனே சுகந்தி. உங்க அப்பா மனசு மாறிட்டா?”

அவள் யோசித்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப தாலி கட்டுற வரைக்கும் இறங்கவே இறங்காதீங்க,” என்றாள் உறுதியாக.

பங்குனியில் கல்யாணம். பந்தலை ஒரு ஆள் உயரம் தூக்கிக் கட்டினார்கள். சுகந்தி ஏணியில் ஏறி மாலை போட்டாள். துரைச்சிங்கம் மேலிருந்து குனிந்து முடிச்சுப் போட்டான். தாலி கட்டியாயிற்று, இறங்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். பந்தி முடியட்டும் என்றான் கோட்டைச்சாமி. சாப்பிட்டு எடை கூடுகிற நேரத்தில் இறங்குவது ஆபத்து என்பது அவன் கட்சி.

அதுவும் சரிதான் என்று துரைச்சிங்கத்தின் கைக்கு எட்டும்படி மேசைமேல் மேசை வைத்து இலை போட்டார்கள். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று சோறு நாலு நடை வந்தது. பாயசம் மூன்று முறை. ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுத் துரைச்சிங்கம் இலையை மூடினான்.

கீழே நின்ற மயிலப்பன் ஏப்பம் விட்டு, “போதும்ப்பா, வயிறு நெறஞ்சிருச்சு,” என்றான்.